எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டு ஆகிவிடும்

நம்மவர்களில் கலாசாலைப் படிப்பு படித்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களுக்கு அவர் ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. அங்கே படித்த ஏறக்குறைய 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் இவையெல்லாம் தெரிந்துவிட்டால் தன்னைத் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். ஆகவே வகுப்பு தொடங்கும்வரை வெளியே எங்கேயாவது படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு விட்டதும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டைப் பார்த்து நடந்துவிடுவார்.

வளாகப் பாதுகாப்பு என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த நடைதான். மணி அடிக்கும்வரை வெளியே இருப்பது, மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவது. நம் பிள்ளை ஒருவன் தனக்காகத் தானே செய்துகொண்ட பாதுகாப்பு ஏற்பாடு அது. அந்தக் கலாசாலையின் எந்தப் பதிவேட்டிலும் இது ஏறியிருக்காது. யாரும் அவரை அடிக்கவில்லையே, என்னவென்று எழுதுவது?

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்களில் பாதுகாப்பு பற்றிய பேச்சு சூடு பிடித்தது. கேமரா, விளக்கு, அடையாள அட்டை, சுற்றுச்சுவர், வாட்ச்மேன். எல்லாம் தேவைதான். ஆனால் அந்த வழக்கில் நடந்த இன்னொன்றை இளைஞர்கள் மறக்கக் கூடாது. அந்தப் பெண் துணிந்து புகார் கொடுத்தார். அந்தப் புகாரின் எஃப்.ஐ.ஆர், அவருடைய அடையாளத்தோடு காவல்துறை இணையதளத்திலிருந்து வெளியே போய்விட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. எஃப்.ஐ.ஆர் கசிந்ததற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டு சிறை. தண்டனை வேகமாகக் கிடைத்தது உண்மை. ஆனால் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கும் அடுத்த பெண்ணுக்கு அந்தக் கசிவு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குற்றம் நடப்பது ஒரு கதை. அது எழுதப்படுவது இன்னொரு கதை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

வளாகக் குற்றங்களை எண்ணி வெளியே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு அமெரிக்கா. அந்தச் சட்டத்தின் பிறப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பல்கலைக்கழகம். 1986 ஏப்ரல் 5 அதிகாலையில் ஜீன் கிளெரி என்ற 19 வயது முதலாமாண்டு மாணவி தன் விடுதி அறையில் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே பல்கலைக்கழக மாணவன். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளில் பீட்சா பெட்டியைச் செருகித் திறந்து வைத்திருந்தார்கள். அவன் அந்த வழியாகவே உள்ளே வந்தான். பெற்றோர் கோனி, ஹோவர்ட் கிளெரி இருவரும் மகளுக்காக வேறொரு பல்கலைக்கழகத்தை முதலில் நினைத்திருந்து, அங்கே ஒரு கொலை நடந்ததைக் கேள்விப்பட்டு, பாதுகாப்பான இடம் என்று நம்பி லீஹையில் சேர்த்தவர்கள். மகள் இறந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது: முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த வளாகத்தில் 38 வன்முறைக் குற்றங்கள் நடந்திருந்தன. கொலைக்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் கதவு திறந்து கிடந்ததாக 181 தகவல்கள் வந்திருந்தன. அத்தனையும் நிர்வாகத்துக்குத் தெரியும். பணம் கட்டிப் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்குத் தெரியாது.

வழக்குப் போட்டார்கள். வழக்கை முடித்துக் கிடைத்த பணத்தைப் போட்டு 1987இல் ஓர் அமைப்பைத் தொடங்கி மாநிலம் மாநிலமாக அலைந்தார்கள். 1988இல் பென்சில்வேனியா சட்டம், 1990இல் நாடு முழுமைக்குமான சட்டம். 1998இல் அதற்கு ஜீன் கிளெரியின் பெயரே வைக்கப்பட்டது. அரசின் மாணவர் நிதி உதவியைப் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் தேதிக்குள் முந்தைய மூன்று ஆண்டுகளின் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். வளாகத்தில் காவல் அல்லது பாதுகாப்புப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனம் அன்றன்றைய குற்றப் பதிவேட்டை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். ஆபத்து தொடர்கிறது என்றால் மாணவர்களை உடனே எச்சரிக்க வேண்டும். இன வெறுப்பால், மத வெறுப்பால் நடந்த குற்றமா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் ராகிங்கும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. கணக்கைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அபராதம். 2024இல் லிபர்ட்டி பல்கலைக்கழகம் கட்ட வேண்டி வந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்.

இதனால் அமெரிக்க வளாகங்கள் பத்திரமாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஏராளமான கல்லூரிகள் ஆண்டுக்கு ஆண்டு பாலியல் வன்புணர்வு என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதி அனுப்புகின்றன. அங்கே உள்ள பெண்கள் அமைப்புகள் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்வதில்லை. இங்கே புகார் கொடுக்கும் வழியே அடைபட்டிருக்கிறது என்று படிக்கின்றன. இந்த வாசிப்பை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்தப் படிவத்தில் இனம், மதம், பாலினம், பிறந்த நாடு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சாதிக்குக் கட்டம் இல்லை. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 2022இலும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. நம் ஆட்களின் சாதி விமானம் ஏறிப் போன பிறகு அங்குள்ளவர்கள் போராடி வாங்கிய வார்த்தை அது.

கிளெரி குடும்பம் வசதியான வெள்ளைக் குடும்பம். வழக்கறிஞர் வைக்கவும், வேலையை விட்டு ஊர் ஊராகப் போகவும், சட்டமன்ற உறுப்பினரின் அறைக்குள் நுழையவும் முடிந்தது. அவர்களின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. துக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அது சட்டமாக மாறுவதற்கு வேண்டிய படிக்கட்டுதான் எல்லா வீட்டுக்கும் இல்லை. இதே அமெரிக்காவில் 1968இல் ஆரஞ்சுபர்க் நகரில் மூன்று கறுப்பின இளைஞர்களும், 1970இல் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் இரண்டு பேரும் வளாகத்தில் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். ஜாக்சன் சம்பவத்துக்குப் பதினொரு நாள் முன்பு கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை நான்கு வெள்ளை மாணவர்களைச் சுட்டுக் கொன்றது. உலகம் நினைவில் வைத்திருப்பது கென்ட் பல்கலைக்கழகத்தைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் நாவரசு சீனியர் மாணவன் ஒருவனால் கொல்லப்பட்டார். அவருடைய அப்பா அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அடுத்த மாதமே அவசரச் சட்டம், 1997இல் ராகிங் தடைச் சட்டம். இந்தியாவிலேயே ராகிங்குக்கென்று முதன்முதலில் தனிச் சட்டம் போட்ட மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் உள்ள வேறொரு பிரிவு: புகார் வந்தும் நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தை என்று கருதப்படுவார். கொலை வழக்கு பல ஆண்டு இழுத்தது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் சட்டம் ஒரே மாதத்தில் வந்துவிட்டது.

நான் அப்போது கல்லூரியில் இரண்டாமாண்டு. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் விடுதியிலும் ராகிங் சட்டென்று நின்றது. சீனியர்கள் எங்களை 'தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நிற்காதது வேறொன்று. எங்கள் அறையில் இருந்த நண்பனின் பாயும் தட்டும் வாரம் ஒருமுறை கக்கூஸ் வாசலில் கிடக்கும். யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். எதற்காக என்றும் தெரியும். நாங்கள் மூன்று பேர் வெள்ளைத் தாளில் புகார் எழுதிக்கொண்டு துணை வார்டனிடம் போனோம். கெட்ட மனிதர் இல்லை அவர். படித்துப் பார்த்துவிட்டுத் தாளை நாலாக மடித்து எங்கள் கையிலேயே கொடுத்தார். "எழுத்துல வேணாம்பா. வாயால சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். எழுதிக் குடுத்தா ரெக்கார்டு ஆயிடும்." எங்களுக்கும் அப்போது அது அக்கறையாகத்தான் பட்டது. யாருடைய ரெக்கார்டைப் பற்றிச் சொன்னார் என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. நண்பன் அடுத்த வருடம் விடுதியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து போக ஆரம்பித்தான். தினமும் இரண்டரை மணி நேரம். மணி அடித்த பிறகு உள்ளே வருவான், மணி அடித்ததும் கிளம்பிவிடுவான்.

ராகிங் சட்டத்தின் கதை தேசிய அளவிலும் அதே வேகத்தில் நடந்தது. 2001இல் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல், 2007இல் ராகவன் குழு. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்த அதே ஆண்டில் யு.ஜி.சி. ஒழுங்குமுறை வந்துவிட்டது. கட்டணமில்லாத் தொலைபேசி எண், ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் தரும் உறுதிமொழிப் பத்திரம், ராகிங் தடுப்புக் குழு, பறக்கும் படை, குற்றம் தெரிய வந்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்ய வைக்க வேண்டும் என்ற கட்டளை. நல்ல விதிகள். ஒரு குற்றத்தை எழுத வைக்க வேண்டும் என்று அரசு உண்மையிலேயே நினைத்தால் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு இந்த விதிகளே சாட்சி.

அதே ஆண்டுகளில் நம் கதை எப்படிப் போனது என்று பாருங்கள்.

2006இல் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டை எதிர்த்து நடந்த போராட்டத்தின் மையம் டெல்லி எய்ம்ஸ். அந்தச் சமயத்தில் அங்கே படித்த தலித், பழங்குடி மாணவர்கள் தாங்கள் நடத்தப்படும் விதத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். அன்றைய யு.ஜி.சி. தலைவர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு போடப்பட்டது. 2007இல் அறிக்கை வந்தது. அடாவடி செய்து நம் பிள்ளைகளை விடுதியின் குறிப்பிட்ட மாடிகளுக்குத் தள்ளியது, சாப்பாட்டு மேசையில் விலக்கியது, விளையாட்டில் சேர்க்காதது, வாய்மொழித் தேர்வில் சாதியைத் துருவியது எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பெரிய கல்வி நிறுவனத்தின் சாதியை அரசே அமர்த்திய குழு எழுத்தில் பதிந்தது அப்போதுதான். நிர்வாகம் அந்த அறிக்கையை ஏற்க மறுத்தது. அறிக்கை வந்த மாதத்தில் எந்தச் சட்டமும் வரவில்லை.

2008 பிப்ரவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர் செந்தில்குமார் தற்கொலை செய்துகொண்டார். சேலம் மாவட்டத்தில் பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்துப் பிள்ளை. அவருக்குக் கடைசிவரை ஆய்வு வழிகாட்டியே ஒதுக்கப்படவில்லை. வழிகாட்டி ஒதுக்காததை எந்தக் காவல் நிலையத்தில் குற்றமாக எழுதுவார்கள்?

அதே ஆண்டு நவம்பர் 12, சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திக்கு அடித்த போஸ்டரில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை எடுத்துவிட்டதில் தொடங்கிய பகை மோதலில் முடிந்தது. தலித் மாணவர்கள் சிலர் கீழே விழுந்து கிடந்த மாணவனை அடிக்கும் காட்சியைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போட்டன. வாசலில் போலீஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அடியை நான் அன்றும் நியாயப்படுத்தவில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒரு வளாகத்தின் வரலாறு கேமரா ஓடிய சில நிமிடங்களில் தொடங்குவதாகச் சொல்வதை ஏற்க முடியாது. நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்தது. அது சொன்ன பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரியது எது தெரியுமா? கல்லூரியை நகரத்துக்கு வெளியே கொண்டுபோவது. மாணவர்கள் போராடியும், 2018இல் உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த நூற்றாண்டு தாண்டிய கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இரண்டாகப் பிரிந்து போனது. வேறு காரணங்களும் சொன்னார்கள். பாரிமுனையில் இறங்கி வகுப்புக்கும் அங்கிருந்து கோர்ட்டுக்கும் நடந்தே போய் வந்த ஏழைப் பிள்ளையின் சட்டப் படிப்பு அதோடு முடிந்தது.

2012இல் யு.ஜி.சி. சமத்துவ மேம்பாட்டு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்புப் பிரிவு, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர். காகிதத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் ராகிங் சட்டத்தில் இருந்த அந்த ஒரு பல் இதில் இல்லை: செய்யாத நிர்வாகத்துக்கு என்ன தண்டனை? நான்கு ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, அதே ஹைதராபாத் வளாகத்தில் ரோகித் வெமுலா இறந்தார். மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை பல மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. விடுதியிலிருந்து நான்கு தோழர்களோடு வெளியேற்றப்பட்டுத் திறந்தவெளியில் படுத்திருந்தார். 'வெலிவாடா' என்று அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர், ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள்படும். புகார் கொடுக்கவில்லை என்று ரோகித்தை யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் 18 அன்றே துணைவேந்தருக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதியவர் அவர். சமூகப் புறக்கணிப்பு உள்ளிட்ட புதிய குற்றங்களைச் சேர்த்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது அவர் இறந்து ஒன்பதாவது நாள், ஜனவரி 26 அன்று. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவர் எப்படிச் செத்தார் என்ற விசாரணை, அவர் தலித்தா இல்லையா என்ற விசாரணையாக மாறியது. 2024இல் தெலங்கானா போலீஸ் தாக்கல் செய்த முடிவு அறிக்கையும் அவர் தலித் இல்லை என்றே சொன்னது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் மறு விசாரணை என்றார்கள். குற்றப் பதிவேட்டில் ஏறுவதற்கு முன்னால் செத்தவனும் சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும்.

2017இல் ஜே.என்.யு. மாணவர் முத்துக்கிருஷ்ணன், அவரும் சேலத்துப் பிள்ளை. 2019இல் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் பாயல் தத்வி. பாயலின் தாய் மகள் உயிரோடு இருக்கும்போதே கல்லூரியில் முறையிட்டவர். அந்த ஆண்டு இரண்டு தாய்மார், ராதிகா வெமுலாவும் ஆபேதா தத்வியும் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். ஒருவர் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். துணைவேந்தரான தகப்பனுக்கு ஒரு மாதம் ஆனது. இந்தத் தாய்மாருக்கு ஆறு வருடத்துக்கும் மேல் ஆனது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் யு.ஜி.சி. கணக்கை வெளியே எடுத்தது.

அந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். 2019-20இல் சாதிப் பாகுபாடு பற்றி வந்த புகார்கள் 173. 2023-24இல் 378. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 1,160. கணக்கு வந்தது 704 பல்கலைக்கழகங்களிலிருந்தும் 1,553 கல்லூரிகளிலிருந்தும். நாட்டில் கல்லூரிகள் 45,000க்கு மேல். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் பட்டியல் சாதி மாணவர்கள் மட்டும் 66 லட்சம் பேர். பத்திரிகைகள் 'புகார்கள் 118 சதவீதம் உயர்வு' என்று தலைப்புப் போட்டன. எனக்கோ 66 லட்சம் பேரில் ஆண்டுக்கு 378 என்பதுதான் கண்ணில் பட்டது. பத்தில் ஒன்பது புகார்கள் தீர்த்து வைக்கப்பட்டனவாம். எங்கள் துணை வார்டனைக் கேட்டிருந்தால் அவரும் தீர்த்து வைத்தேன் என்றே சொல்லியிருப்பார்.

2026 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய சமத்துவ ஒழுங்குமுறையை அறிவித்தது. சம வாய்ப்பு மையம், சமத்துவக் குழு, 24 மணி நேர உதவி எண், கடைப்பிடிக்காத நிறுவனத்தின் மேல் நடவடிக்கை. ராகிங் விதியில் 2009இலேயே இருந்தவைதான் பெரும்பாலும். உடனே தெருவில் இறங்கினார்கள்: பொய்ப் புகார் வரும், பொதுப் பிரிவு மாணவர்களுக்குப் பாதுகாப்பில்லை என்று. ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகள் தெளிவில்லாதவை, தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று சொல்லி நிறுத்தி வைத்தது. 2012 விதிகளே தொடரும் என்றது. ராகிங் விதி வந்தபோது பொய்ப் புகார் வரும் என்று யாரும் ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை. இத்தனைக்கும் ராகிங்குக்கான விளக்கத்தில் சாதி அடிப்படையிலான கொடுமையை 2016 ஜூனிலேயே யு.ஜி.சி. சேர்த்துவிட்டது. பல மாணவர்களுக்கு இது தெரியாது. சாதி சொல்லித் திட்டினால், ஒதுக்கினால், அதை ராகிங் புகாராகவும் கொடுக்கலாம். அங்கே அந்த 24 மணி நேரக் கெடு இருக்கிறது.

காவல் நிலையத்தில் எழுத வைப்பது இன்னும் பெரிய பாடு. 2023 ஜூலையிலும் செப்டம்பரிலும் டெல்லி ஐ.ஐ.டி.யில் இரண்டு தலித் மாணவர்கள் இறந்தார்கள். பெற்றோர் கேட்டது தண்டனைகூட இல்லை, ஓர் எஃப்.ஐ.ஆர். போலீஸ் போடவில்லை. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர் போடச் சொன்னது. மாணவர் தற்கொலைகளை ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. ஒரு தாளில் எழுதுங்கள் என்று சொல்ல நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தேவைப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் மாணவர் தற்கொலை 13,044. அதில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்று கேட்டால் அதற்குக் கட்டம் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "விசாரிக்கிறோம், போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ரசீது எஃப்.ஐ.ஆர் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர் போடுவதற்கு முன் முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, சென்னை போன்ற நகரமென்றால் ஆணையர் அலுவலகத்துக்கு, புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கல்லூரிக்குள் கொடுக்கும் புகாரையும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து அதே புகாரை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நடந்த நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள். வார்த்தையை நாகரிகமாக மாற்றாதீர்கள், சொன்னபடியே எழுதுங்கள். தனியாகப் போகாதீர்கள். புகாரின் பேச்சு வாட்ஸப் குழுவில் சுற்றக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் கசிந்தது போல நம் கையாலேயே கசியவிட வேண்டாம்.

புகார் எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த மாதம் உங்கள் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு அனுப்புங்கள். 2012 முதல் இன்றுவரை சம வாய்ப்புப் பிரிவுக்கு வந்த புகார்கள் ஆண்டுவாரியாக எத்தனை, ஒவ்வொன்றின் மேலும் எடுத்த நடவடிக்கை என்ன, பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார், அவர் எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார். நான்கு கேள்வி போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். 'தகவல் இல்லை' என்று வந்தாலும், 'பூஜ்யம்' என்று வந்தாலும் அனுப்புங்கள். கல்லூரிவாரியாக அடுக்கி இங்கேயே வெளியிடுகிறோம்.